மீதமுள்ள மூன்று மூலங்கள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு வரும் முதல் நாள், பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. பலகையில் இரண்டு வரி மட்டும் எழுதுவேன்.

√க + ச = 7
க + √ச = 11

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படித்துக்கொண்டிருந்தபோது மேல்வகுப்புப் பையன் ஒருவன் அவரை மடக்கப் பார்த்துக் கேட்ட கணக்கு என்று இதைச் சொல்வார்கள். அரை நிமிஷத்தில் விடை வந்துவிட்டதாம்: 9, 4. எங்கள் வன்னியம்பட்டிப் பிள்ளைகளும் அப்படியொன்றும் பின்தங்குவதில்லை. முதல் பெஞ்சுக்காரர்கள் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "சார், 9ம் 4ம் போட்டா வருது சார்."

வரத்தான் செய்கிறது. 9-இன் வர்க்கமூலம் 3, அதோடு 4 சேர்ந்தால் 7. 9-உடன் 4-இன் வர்க்கமூலமான 2 சேர்ந்தால் 11. வர்க்க எண்களாகப் பார்த்துப் போட்டால் நாலைந்து தடவைக்குள் மாட்டிக்கொள்ளும் கணக்கு. ராமானுஜனும் இந்தப் பையனும் ஒரே படியில் நிற்கும் நிமிஷம் அது. அதை நீடிக்கவிடாமல் நான்தான் கெடுக்கிறேன். "வேற எதுவும் வராதுன்னு எப்படிடா தெரியும்?"

*

விடை கிடைப்பதும் கணக்கு தீர்வதும் ஒன்றல்ல என்று நான் நினைக்கத் தொடங்கியது இந்தக் கேள்வியிலிருந்துதான். மதிப்பெண்ணுக்கு முதலாவது போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் உட்கார வேண்டும்.

க-வின் வர்க்கமூலத்தை ப என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வரியின்படி √ச என்பது 11 − ப². அதை வர்க்கப்படுத்தி முதல் வரியில் போட்டுச் சுருக்கினால்:

ப⁴ − 22ப² + ப + 114 = 0

நாற்படிச் சமன்பாடு. பையன் கண்டுபிடித்த 3 இதன் ஒரு மூலம். தொகுமுறை வகுத்தலில் 3-ஐ வெளியே எடுத்தால் மீதி பூச்சியம். கீழே விழுவது ஒரு முப்படி:

ப³ + 3ப² − 13ப − 38 = 0

இங்கேதான் வகுப்பில் பலர் பேனாவை மூடிவிடுவார்கள். எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று என்று ஒரு நினைப்பு. எனக்கோ எடுத்தபின் கிடப்பதில்தான் கண் போகிறது. 38-இன் காரணிகள் 1, 2, 19, 38. கூட்டல் குறியோடும் கழித்தல் குறியோடும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் பூச்சியம் தராது. ஆனால் ப-வுக்கு 3 போட்டால் −23. 4 போட்டால் 22. நடுவில் எங்கோ பூச்சியத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். −2-இல் −8, −3-இல் 1, −4-இல் −2. அங்கே இரண்டு முறை தாண்டுகிறது. ஆக மீதமுள்ள மூன்று மூலங்களும் மெய்யெண்கள்தான். தோராயமாக 3.584, −2.805, −3.779. நாலையும் கூட்டினால் பூச்சியம் வருகிறது; நாற்படியில் ப³ உறுப்பு இல்லாததற்கு அதுதான் பொருள்.

கழித்தல் மூலங்கள் இரண்டையும் தள்ளிவிடலாம். √ என்ற குறி போட்டால் கூட்டல் மூலத்தைத்தான் எடுப்பது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். 3.584 மட்டும் கொஞ்சம் தொல்லை தரும். அதற்கான க 12.848, ச 3.416. முதல் வரி சரியாக இருக்கும்: 3.584, 3.416 இரண்டும் சேர்ந்து 7. இரண்டாவது வரியில் 12.848-உடன் 1.848-ஐக் கூட்டினால் 11 வராது, கழித்தால்தான் வரும். வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோவதால் உள்ளே புகுந்த ஆள் இது. இப்போதுதான் 9, 4 என்பது ஒரே விடை என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது.

*

வெகுகாலம் கழித்து, வேறு எதையோ படிக்கும்போது, இதே நாலு மூலங்களை இன்னோர் இடத்தில் பார்த்தேன். அமெரிக்க வேதிப்பொறியாளர் டேவிட் ஹிம்மெல்பிளாவ் 1972-இல் வெளியிட்ட புத்தகத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு சார்பு உண்டு. ஒரு பரப்பில் மிகத் தாழ்வான இடத்தைத் தேடும் கணினி நிரல்கள் ஒழுங்காகத் தேடுகின்றனவா என்று சோதிக்க அதைத்தான் இன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். நாலு பள்ளங்கள், நாலும் ஒரே ஆழம். சார்பை விரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இரண்டே கோவைகள்: ஓர் எண்ணின் வர்க்கமும் இன்னோர் எண்ணும் சேர்ந்து 11, முதல் எண்ணும் இரண்டாவதன் வர்க்கமும் சேர்ந்து 7. கும்பகோணத்துக் கணக்கேதான், வர்க்கமூலக் குறியைக் கழற்றிய உருவத்தில். பள்ளிக்கூடத்தில் நாம் தள்ளிவிட்ட மூன்று மூலங்களும் அங்கே 3-க்குச் சமமான மரியாதையோடு உட்கார்ந்திருக்கின்றன. நிரல் எங்கிருந்து தேடத் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து எந்தப் பள்ளத்திலும் போய் விழும்.

*

பலகையில் எழுதிய கணக்கில் 7-ஐ 8 ஆக்கிப் பார்க்கலாம். வேறு ஒன்றையும் தொட வேண்டாம். நாற்படியின் கடைசி எண் 114-இலிருந்து 113 ஆகிறது, அவ்வளவுதான். 113 பகா எண். 1, 113 இரண்டையும் இரு குறிகளோடும் போட்டுப் பார்த்தால் ஆட்டம் முடிந்தது, ஒன்றும் பொருந்தாது. 2.9-க்கும் 3-க்கும் இடையில் மூலம் ஒன்று இருப்பது தெரிகிறது. ஊகித்துப் பிடிக்க முடியாது. பின்பெஞ்சுக் குரல் அன்றைக்கு எழாது.

*

ராமானுஜனுக்கு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை 1902-இல் யாரோ காட்டியிருக்கிறார்கள். அவருக்கு அப்போது வயது 14. அதை வைத்துக்கொண்டு நாற்படிக்குத் தானாகவே ஒரு வழி கண்டார். அடுத்த ஆண்டு ஐம்படியில் கை வைத்தார். நடக்கவில்லை.

இத்தாலியில் ஃபெர்ராரி நாற்படியைத் தீர்த்திருந்ததும், அது 1545-இல் கார்டானோவின் புத்தகத்தில் வெளிவந்ததும், ஐம்படிக்கு அப்படியொரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று 1799-இல் ருஃபினி வாதிட்டு, 1824-இல் நார்வேக்காரர் ஆபெல் நிரூபித்ததும் அந்தப் பையனுக்குத் தெரியாது. கும்பகோணத்துத் திண்ணையில் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்தவனுக்கு 79 ஆண்டுப் பழைய செய்தி வந்து சேரவில்லை. தெரிந்திருந்தால் ஐம்படிப் பக்கம் போயிருக்கவே மாட்டார், அந்தப் பொழுதெல்லாம் மிச்சமாயிருக்கும் என்று இரக்கப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த இரக்கத்தில் உடன்பாடில்லை. ஆபெலும் முதலில் ஐம்படிக்குச் சூத்திரம் கண்டுவிட்டதாக நம்பியவர்தான். அதை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கப் போய்த்தான் ஓட்டை தெரிந்தது. வழி இல்லை என்ற நிரூபணமே வழி தேடியவரின் கையிலிருந்துதான் வந்தது.

ஆபெல் சொன்னதையும் சரியாகக் கேட்க வேண்டும். ஐம்படிக்கு மூலம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அஞ்சு மூலங்கள் உண்டு. அவற்றை எத்தனை தசமத்துக்கு வேண்டுமானாலும் கணக்கிடலாம். கெழுக்களை வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலக்குறி ஆகியவற்றால் மட்டும் எல்லா ஐம்படிக்கும் பொதுவான ஒரு சூத்திரம் எழுத முடியாது என்பதுதான் விஷயம். வீடு இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் போகும் ஒரே தெரு இல்லை.

*

ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு டியூஷனில் ஆள் இருக்காது. பிள்ளைகள் எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படியொரு நாளில், பாஸ்கராச்சாரியரின் பீஜகணிதத்தில் வரும் இரண்டு கணக்குகளைப் பலகை நிறைய எழுதிப் பார்த்தேன். 1150-ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல்.

ஓர் எண்ணின் கனத்தோடு அதன் 12 மடங்கைச் சேர்த்தால், அதன் வர்க்கத்தின் 6 மடங்கோடு 35 சேர்ந்ததற்குச் சமம். எண் எது? பாஸ்கரர் இரு பக்கமும் வர்க்கத்தின் ஆறு மடங்கையும் 8-ஐயும் கழிக்கிறார். இடப்பக்கம் முழுசாக ஒரு கனம் ஆகிவிடுகிறது, எண்ணில் 2 குறைத்ததன் கனம். வலப்பக்கம் 27. ஆக எண் 5.

அடுத்தது நாற்படி. க⁴ − 2க² − 400க = 9999. இதில் அவர் இரு பக்கமும் 4க² + 400க + 1 கூட்டுகிறார். இடப்பக்கம் (க² + 1)-இன் வர்க்கம். வலப்பக்கம் (2க + 100)-இன் வர்க்கம். வர்க்கமூலம் எடுத்தால் சாதாரண இருபடி; க = 11.

இருபடிக்கு முந்தைய கணிதர் ஸ்ரீதரர் சொன்ன முறை கையில் இருந்தது: முதல் கெழுவின் நாலு மடங்கால் பெருக்கு, நடுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு. மாணவன் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். முப்படிக்கும் நாற்படிக்கும் பாஸ்கரரிடம் அப்படி ஒரு கட்டளை இல்லை; செய்பவரின் புத்தியை நம்பித்தான் விடுகிறார். 4க² + 400க + 1-ஐக் கூட்ட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது? கணக்கைக் கட்டியவரே அவிழ்ப்பதால் தோன்றியிருக்கலாம். ஆனாலும் ஃபெர்ராரி நாலு நூற்றாண்டு கழித்துச் செய்ததும் இதையேதான். எதைக் கூட்டினால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வர்க்கமாகும் என்ற கேள்வியை அவர் ஒரு தெரியாத எண்ணாக மாற்றினார். அந்த எண்ணுக்கு ஒரு முப்படிச் சமன்பாடு கிடைத்தது. தோன்றுவதற்காகக் காத்திருந்த இடத்தில் ஒரு முறை வந்து உட்கார்ந்துகொண்டது.

*

முப்படிக்குச் சூத்திரம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டால், நம் கணக்கில் மீந்த முப்படிக்கே அதைப் போட்டுப் பார்க்கலாம். ப³ + 3ப² − 13ப − 38. மூன்று மூலங்களும் மெய்யெண்கள் என்று பார்த்தோம். கார்டானோ சூத்திரத்தில் போட்டால், வர்க்கமூலத்துக்குள் கழித்தல் எண் வந்து நிற்கும். விடை கண்ணெதிரே எண்கோட்டில் இருக்கிறது. சூத்திரமோ கற்பனை எண்களின் ஊருக்குள் போய்விட்டுத்தான் வருவேன் என்கிறது.

இத்தாலியர் பொம்பெல்லி 1572-இல் இதை நேராகப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது க³ = 15க + 4. விடை 4 என்பது வெளிப்படை. சூத்திரம் தருவது 2 + √−121, 2 − √−121 என்ற இரண்டின் கனமூலங்களின் கூட்டல். பொம்பெல்லி பதறவில்லை. 2 + √−1 என்பதன் கனம் 2 + √−121 என்று பெருக்கிக் காட்டினார். அப்புறம் இரண்டு கனமூலங்களையும் கூட்டினால் கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று தின்றுவிட, 2-உம் 2-உம் 4.

பொம்பெல்லிக்கு 4 முன்கூட்டியே தெரியும். நம் முப்படிக்கு அந்த வசதி இல்லை. மூன்று மூலங்களும் மெய்யெண், ஒன்றுகூட விகிதமுறு எண் இல்லை என்றால், மெய்யெண்களின் மூலக்குறிகளை மட்டும் வைத்து அவற்றை எழுத எந்தச் சுற்றுவழியும் கிடையாது. சூத்திரத்தின் குறை அல்ல அது. அப்படி எழுதவே முடியாது என்பது 19-ஆம் நூற்றாண்டில் நிரூபிக்கப்பட்டது. பின்பெஞ்சுப் பையன் அரை நிமிஷத்தில் முடித்த கணக்கின் அடியில் இது கிடக்கிறது. அவனிடம் இதைச் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும்.

*

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களில் மூலம் கண்டுபிடிக்க வேறொரு முறை இருக்கிறது. சூத்திரமே இல்லை, பெருக்கலும் கூட்டலும் மட்டும். 3க + க³ = 1 என்று நானாக ஒரு சமன்பாடு எடுத்துக்கொள்கிறேன். 1-இல் தொடங்கி எண்களை வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தியதன் 3 மடங்கோடு, மூன்று இடம் பின்னால் உள்ளதைச் சேர்த்தது. 3-உம் 1-உம் சமன்பாட்டின் கெழுக்களிலிருந்தே வருகின்றன.

1, 3, 9, 28, 87, 270, 838, 2601...

ஒவ்வொன்றையும் அடுத்ததால் வகுத்தால்: 9-ஐ 28-ஆல், 0.32143. 28-ஐ 87-ஆல், 0.32184. பிறகு 0.32222, 0.32220, 0.32218. தராசு முள் போலக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நிற்கிறது. சமன்பாட்டின் மூலம் 0.32218...

இதே சமன்பாட்டுக்குக் கார்டானோ சூத்திரம் அழகான விடை தரும்: பொன்விகிதமான 1.618...-இன் கனமூலத்திலிருந்து 0.618...-இன் கனமூலத்தைக் கழித்தால் போதும். அழகுதான். ஆனால் எண் வேண்டும் என்றால் ஒரு வர்க்கமூலமும் இரண்டு கனமூலமும் கணக்கிட வேண்டும். சிலேட்டுக்காரருக்கு எது உகந்தது என்பது தெரிகிறது. காகிதம் வாங்கக் காசில்லாமல், முழங்கையால் அழித்து அழித்து எழுதியவர் அவர். கடைசி மூன்று எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம் என்ற முறை அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். டேனியல் பெர்னூலி 18-ஆம் நூற்றாண்டில் இதன் உறவுக்கார முறை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நம் பொறியியல் மாணவர்கள் படிக்கும் சாஸ்திரியின் எண்முறைப் பாடப்புத்தகத்தில் இது ராமானுஜன் முறை என்ற பெயரிலேயே இருக்கிறது.

பூச்சியத்துக்கு மிக அருகில் உள்ள மூலத்தைத்தான் இம்முறை பிடிக்கும். மற்ற மூலங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு சீக்கிரம் பிடிக்கும். 3க + க³ = 1-இன் மற்ற இரண்டும் கலப்பெண்கள், எட்டத்தில் இருப்பவை; அதனால்தான் இந்த வேகம். நம் முப்படியில், குறியை விட்டுவிட்டால், 2.805, 3.584, 3.779 என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் முள் வெகுநேரம் ஆடும். பக்கம் பக்கமாக எழுதினேன். மதுரையிலிருந்து வரும் கடைசி பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டபோதும் இரண்டாவது தசமம் நிலைக்கவில்லை.

*

ஐம்படியில் தோற்ற ராமானுஜன் பின்னாளில் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழுக்கு ஒரு கணக்கு அனுப்பினார். சங்கத்தை 1907-இல் தொடங்கியவர் வி. ராமசுவாமி ஐயர் என்ற வருவாய்த் துறை அதிகாரி. அதைத் தனியாக வியக்கலாம். கணக்கு இது: நாலு எண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. முதல் எண்ணின் வர்க்கம் இரண்டாவதைவிட ஒரு குறிப்பிட்ட அளவு அதிகம். இரண்டாவதன் வர்க்கம் மூன்றாவதைவிட அதே அளவு அதிகம். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் அப்படியே. நாலாவதன் வர்க்கம் முதல் எண்ணைவிட அதே அளவு அதிகம். முழுதாகத் தீர்க்கவும்.

"முழுதாக" என்றதைக் கவனிக்க வேண்டும். ஒரு விடை போதாது. ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் ஒற்றை மாறியில் 16-ஆம் படிச் சமன்பாடு வரும். அஞ்சிலேயே கை விரித்தவர் பதினாறைத் தீர்க்கச் சொல்கிறார். ஆனால் பதினாறும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. நாலு எண்ணும் ஒன்றாகவே இருக்கும் விடைகள் இரண்டு. ஒன்றுவிட்டு ஒன்று சமமாக இருப்பவை இரண்டு. அவை இருபடிகளில் வந்துவிடும். மீதி பன்னிரண்டு. அவை நாலு நாலாக மூன்று வட்டங்களில் சுற்றுகின்றன. எந்த வட்டம் என்று கேட்டால் ஒரு முப்படி விடை சொல்லும். வட்டத்துக்குள் எந்த ஆள் என்று கேட்டால் ஒரு நாற்படி சொல்லும். இரண்டும் மூலக்குறிகளுக்கு மசிபவை.

ஆக, படியின் உயரம் பயமுறுத்தும் விஷயமே இல்லை. மூலங்கள் ஒன்றோடொன்று எப்படி இடம் மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதுதான். 1832-இல் 20 வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போன கால்வா கண்டது அதைத்தான். பொதுவான ஐம்படியில் அஞ்சு மூலங்களும் எப்படி வேண்டுமானாலும் இடம் மாறும். அந்தக் கலைப்பைச் சிறுசிறு வட்டங்களாகப் பிரிக்க முடியாது. ராமானுஜனின் பதினாறு பிரிகிறது. கால்வாவின் கோட்பாட்டை அவர் படித்ததற்கான தடயம் அவர் எழுத்தில் எனக்குத் தென்படவில்லை. வட்டமாக உட்காரவைத்தால் வழி கிடைக்கும் என்பது மட்டும் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

*

ராஜபாளையத்தைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ரயிலில் தெற்கே போனால் தென்காசி, செங்கோட்டை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் கணிதர் எஸ்.எஸ். பிள்ளை. சிவசங்கரநாராயணப் பிள்ளை என்று முழுப்பெயர். செங்கோட்டையில் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1950 ஆகஸ்ட் 31-இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமானுஜனைத் தெரிந்த அளவில் நூறில் ஒரு பங்குகூட இவரைத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அவர் கேட்டது முழு எண் விடைகளைப் பற்றி. ஒரு முழு எண்ணின் வர்க்கம், கனம், நாலாம் அடுக்கு, அஞ்சாம் அடுக்கு என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64... இவற்றில் ஏதாவது இரண்டுக்கு நடுவே குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் எத்தனை தடவை வரும்? எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அளவான தடவைதான் வரும் என்று பிள்ளை ஊகித்தார். 1 என்ற வித்தியாசம் 8-க்கும் 9-க்கும் நடுவே ஒரே ஒரு தடவைதான் என்பது 2002-இல் மிஹைலெஸ்கு என்ற ருமேனியரால் நிரூபணமாயிற்று. மற்ற வித்தியாசங்களுக்குப் பிள்ளையின் ஊகம் இன்னும் ஊகமாகவே நிற்கிறது.

2 என்றால் 27-உம் 25-உம் இருக்கின்றன. 3-க்கு 4-உம் 1-உம். 4-க்கு 8-உம் 4-உம். 5-க்கு 9-உம் 4-உம். 6-க்கு இதுவரை யாரும் ஒரு ஜோடி கண்டதில்லை. இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை.

சனிக்கிழமை வகுப்பு முடியும்போது இதைச் சும்மா சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டினாள். 1-லிருந்து ஆயிரம் வரைக்கும் உள்ள அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 6 கூட்டிய எண், அதற்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. 216-உம் 225-உம் 9-ஆகப் போய்விட்ட இடத்தில் மட்டும் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தாள்.

"ஆயிரத்துக்குள்ள இல்ல சார். மேல போகட்டுமா?"

"போம்மா."